பல்கலைக்கழகக் கணக்கில் நம்ம வடசென்னை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகள் சமூகவியல் படிக்கிறாளாம். அவளுக்கு ஒரு புராஜெக்ட். "சார், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து எத்தனை பேர் காலேஜுக்குப் போயிருக்காங்கன்னு கணக்கு வேணும். யுனிவர்சிட்டியில கேட்டா குடுப்பாங்களா?" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது அடுத்த வருடம், 1857 செப்டம்பர் 5. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டே பேர்: சி. வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகம் வருடா வருடம் 'காலண்டர்' என்று ஒரு தடிமனான புத்தகம் போடும். சுவரில் மாட்டுகிற காலண்டர் இல்லை. சட்டதிட்டங்கள், பாடத்திட்டம், யார் யார் தேறினார்கள், எந்தக் கல்லூரி என்று எல்லாம் அதில் இருக்கும். கல்வித்துறை இயக்குநரின் ஆண்டறிக்கையில் மாணவர்களைப் பிரித்துக் காட்டும் அட்டவணைகள் உண்டு: ஐரோப்பியர், இந்தியக் கிறிஸ்தவர், முகமதியர், பிராமணர், பிராமணர் அல்லாதார் என்று கட்டம் கட்டியிருப்பார்கள். வெள்ளைக்காரன் தன் நிர்வாக வசதிக்காகப் போட்ட கட்டம். அதை அரசியலாகப் படித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர்.

சர் பிட்டி தியாகராயரைத்தான் சொல்கிறேன். தி.நகர் என்றதும் ரங்கநாதன் தெருவை நினைக்கிறோம். அந்தப் பெயருக்குரிய மனிதர் வாழ்ந்தது நம்ம பக்கம். நெசவுத் தொழில் சமூகத்தைச் சேர்ந்தவர், மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். 1916 டிசம்பரில் அவர் பெயரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கையைப் படித்தால் மேடைப் பேச்சு மாதிரி இருக்காது, கணக்குப்பிள்ளை எழுதிய மாதிரி இருக்கும். மாகாண மக்கள் தொகை நாலே கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு, அதில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் பிராமணர் அல்லாதார் என்று தொடங்குவார். மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் 1892 முதல் 1904 வரை தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர். நிரந்தர மாவட்ட முன்சீப்கள் 128 பேரில் 93 பேர் பிராமணர், 25 பேர் பிராமணர் அல்லாத இந்துக்கள். இவை அரசாங்கத்தின் கையிலேயே இருந்த எண்கள். விசாரணைக் கமிஷன் முன்பு அதிகாரி ஒருவரே கொடுத்த சாட்சியம்.

இதே காலத்துப் பல்கலைக்கழகக் கணக்கு ஒன்றும் புத்தகங்களில் அடிக்கடி வரும். 1914-ல் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அதில் பிராமணர் 452, மற்ற இந்துக்கள் 124, பிற சமயத்தார் 74. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பதிவு செய்த பட்டதாரி' என்றால் பட்டம் வாங்கிய எல்லோரும் இல்லை. 1904-ம் வருடச் சட்டப்படி, செனட் தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காகக் கட்டணம் கட்டிப் பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான். ஆகவே இந்த 650 என்பது பல்கலைக்கழகத்தை யார் ஆண்டார்கள் என்பதற்கான கணக்கு. யார் படித்தார்கள் என்பதற்கு வேறு அட்டவணை பார்க்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பி எழுதுபவர்கள் அதிகம். அதற்காக அந்த எண் காட்டும் உண்மை குறைந்துவிடாது, மக்கள் தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள்.

பிறகு நீதிக்கட்சி ஆட்சி, 1921-ல் வகுப்புவாரி ஆணை, 1927-28-ல் அது நடைமுறைக்கு வந்தது. 12 இடம் இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த 5 என்ற கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்? ஜமீன்தார் மகனும் அதே கட்டம், காசிமேட்டில் வலை பின்னுகிறவர் மகனும் அதே கட்டம். ஜார்ஜ் டவுன் மண்டி முதலாளியும் அங்கே மூட்டை தூக்குகிறவரும் அதே கட்டம். அறிக்கையின் கேள்விக்கு அந்தக் கட்டம் போதுமானதாக இருந்தது. காசிமேட்டின் கேள்விக்குப் போதவில்லை.

1947-ல் கட்டத்தை மறுபடி பிரித்தார்கள். 14 இடங்களில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, 'பின்தங்கிய இந்துக்கள்' என்று தனியாக 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணைதான் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1951 ஏப்ரல் 9-ல் செல்லாது என்று தீர்ப்பானது. ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு அப்படிப் பிறந்ததுதான்.

அந்தத் தீர்ப்பே ஒரு நல்ல சேர்க்கைப் புள்ளிவிவர ஆவணம். மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நான்கு, மொத்தம் 330 இடம். அதில் வெளி மாநிலத்தாருக்கு 17, அரசின் விருப்ப ஒதுக்கீடு 12. அரசுப் பொறியியல் கல்லூரியும் நான்கு, 395 இடம். அன்றைய சென்னை மாநிலத்தில் ஆந்திரப் பகுதியும் சேர்த்து இவ்வளவுதான்! அந்த நான்கு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று, 1938-ல் கல்லூரியாக உயர்ந்த நம்ம ஸ்டான்லி.

வழக்கில் இன்னொரு செய்தி உண்டு. மனுதாரரான அந்த அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் நேராக நீதிமன்றம் போனார். தீர்ப்பிலேயே இது இருக்கிறது. அவருடைய வாதம் சரியா தவறா என்று நான் இங்கே பேச வரவில்லை. 'கிடைக்காது' என்று நினைத்து விண்ணப்பம் போடாமல் இருந்த மற்றவர்களைப் பற்றித்தான் என் யோசனை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்து, தினமும் அந்த கேட்டைக் கடந்து ஹார்பர் வேலைக்குப் போன எத்தனையோ பேர் வீட்டில் விண்ணப்பம் என்ற பேச்சே எழுந்திருக்காது. எந்தப் பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் அவர்களுக்கு வரி கிடையாது. சேர்க்கைக் கணக்கு என்பது வந்து கதவைத் தட்டியவர்களின் கணக்கு.

சட்டநாதன் கமிஷன் 1970-ல் அறிக்கை கொடுத்தபோதுதான், பிற்படுத்தப்பட்டோர் என்ற கட்டத்துக்குள்ளேயே சில சாதிகள் மட்டும் இடங்களில் பெரும்பங்கைப் பெறுவது எண்களில் தெரிந்தது. அதன் பின் அம்பாசங்கர் கமிஷன். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று 20 சதவீதம் தனியாக வந்தது. பட்டினவர், பருவதராஜகுலம், செம்படவர் என்று மீனவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1916-க்கும் 1989-க்கும் இடையே 73 வருடம்.

சாதிக் கட்டம் ஒரு பக்கம். தூரம் இன்னொரு பக்கம். அதை யாரும் பேசுவதில்லை. ஒரு காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. 1937-ல் தாம்பரம் போய்விட்டது. பச்சையப்பன் கல்லூரியும் அங்கேதான் இருந்தது. 1940-ல் சேத்துப்பட்டுக்குப் போனது. இரண்டும் நல்ல காரணத்துக்காகவே போயின. இடம் போதவில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து நடந்து போகக்கூடிய இரண்டு பெரிய கல்லூரிகள் மூன்றே வருடத்தில் கைவிட்டுப் போயின. கல்லூரிகளின் வரலாற்றில் இது 'விரிவாக்கம்' என்று பதிவாகியிருக்கும். பிறகு 1950-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் கல்லூரி, 1964-ல் பாரதி மகளிர் கல்லூரி, அப்புறம் வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி. நம்ம வீட்டுப் பெண் பிள்ளைகளில் முதல் பட்டம் வாங்கியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பாரதி காலேஜ் என்பார்கள்.

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். மத்திய அரசு 2010-11 முதல் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஐஷே என்பார்கள். ஆண், பெண், சமூகப் பிரிவு, பாடப்பிரிவு எல்லாம் அதில் வரும். தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2019-20-ல் 51.4 என்று பெருமையாகச் சொன்னோம். அடுத்த வருட அறிக்கையில் 46.9. பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டார்களா? இல்லை. 18 முதல் 23 வயதுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதை அதுவரை 2001 மக்கள் தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டார்கள். பிறகு 2011 கணக்கை வைத்தார்கள். வகுக்கும் எண் மாறியது, விடை மாறியது. நாட்டின் 2019-20 விகிதமும் இப்படித்தான் 27.1-லிருந்து 25.6 ஆனது. 2021-22-ல் தமிழ்நாடு 47, இந்தியா 28.4. சராசரியை விட நாம் மிக உயரத்தில் இருப்பது உண்மை. ஆனால் இங்கே வந்து படிக்கும் வெளி மாநிலப் பிள்ளைகளும் நம் கணக்கில்தான் வருவார்கள். தபால் வழியில் படிப்பவர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல் தொடங்கிய அந்தப் படிப்பில், ஷிப்ட் முடித்து வந்து ராத்திரியில் படித்துப் பட்டம் வாங்கிய என் பழைய மாணவர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, 47-ல் எண்ணூர் எவ்வளவு? அந்த அறிக்கையில் அது கிடையாது. கல்லூரி எங்கே இருக்கிறது என்று எண்ணுகிறார்களே தவிர, மாணவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று எண்ணுவதில்லை. மாவட்ட அளவில் பார்க்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். ராயபுரம் எப்போதும் சென்னை. திருவொற்றியூரும் எண்ணூரும் முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம், 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தன, 2018-ல்தான் சென்னை மாவட்டம். பழைய மாவட்டப் புள்ளிவிவரத்தை அப்படியே கூட்டினால் தப்பான விடைதான் வரும். இங்கிலாந்தில் 'போலார்' என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சிறு பகுதியிலும் இளைஞர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று பார்த்து, பகுதிகளை ஐந்து தரமாகப் பிரிப்பார்கள். கடைசித் தரத்தில் இருக்கும் பகுதிப் பிள்ளைகளைச் சேர்க்க என்ன செய்தாய் என்று பல்கலைக்கழகத்தையே கேட்பார்கள். சென்னையில் 200 வார்டு இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

நம் ஊரில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சலுகை வரும்போதுதான் கணக்கும் வருகிறது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்ததும் 'குடும்பத்தில் முதல் ஆள்' என்பது ஒரு கட்டமானது. 2020-ல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும் 'அரசுப் பள்ளியா' என்பது ஒரு கட்டமானது. 2022 செப்டம்பர் 5-ல் பாரதி மகளிர் கல்லூரியில்தான் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கினார்கள். (பல்கலைக்கழகத்தின் பிறந்த நாளும் அதேதான், ஆசிரியர் தினமும் அதேதான்.) மாதம் 1000 ரூபாய் போவதால், அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்கள் எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் என்று இப்போது அரசுக்குத் தெரியும்.

இன்னும் தெரியாதது, சேர்ந்தவர்களில் யார் முடித்தார்கள் என்பது. என்னிடம் படித்த ஒரு பெண், அப்பா ஹார்பரில் வேலை, நல்ல மதிப்பெண்ணோடு பி.காம். சேர்ந்தாள். இரண்டாம் வருடம் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டது. அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். சேர்க்கைப் பட்டியலில் அவள் இருக்கிறாள். நின்றவர் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. அவள் படித்த கல்லூரியில் பின்னாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்று. 'கேட்ட வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் புதிதாகத் தொகுத்துத் தர வேண்டியதில்லை. அதனால் கேட்கிறவர்கள் கணக்கைக் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள். முதலாம் ஆண்டுப் பெயர்ப் பதிவின் எண்ணிக்கை ஒன்று, இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர் எண்ணிக்கை ஒன்று. கழித்தல் நாம் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணின் புராஜெக்டுக்கு: பழைய காலண்டர்களுக்கும் கல்வித்துறை அறிக்கைகளுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும். இன்றைக்கு ஐஷே அறிக்கை, சட்டசபையில் வருடந்தோறும் வைக்கும் உயர்கல்வித் துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு. தரவரிசைக்குப் போகும் கல்லூரிகள் தங்கள் மாணவர் விவரத்தை இணையத்தில் போட்டாக வேண்டும்; அனுமதித்த இடம், இருக்கும் மாணவர், பெண்கள், கட்டணச் சலுகை பெறுவோர் என்று அதில் இருக்கும். இவை எதிலும் இல்லாத ஒன்று பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது: பெற்றோர் தொழில், வீட்டு விலாசம். மீன்பிடி, பவுண்டரி, உப்பளம், லாரி, ஹார்பர் கூலி என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, ஒரு பத்து வருடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு வருட வேலை.

அதற்கு நீங்களும் உதவலாம். என்னிடம் படித்தவர்கள், பள்ளியை விட்ட வருடம், அப்போது வீடு இருந்த பகுதி, வீட்டில் என்ன தொழில், எந்தக் கல்லூரியில் சேர்ந்தீர்கள், முடித்தீர்களா, நடுவில் நின்றீர்களா என்று எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். சேரவே இல்லை என்றாலும் எழுதுங்கள், அது கட்டாயம் வேண்டும். பெயர் வெளியே வராது.