காரைக்குடி மணியும் மிருதங்கத்தின் தனியிடமும்

புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட வறண்ட சீமை, தாள வித்வான்களைக் குறைவில்லாமல் தந்த மண். பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர். திருக்கோகர்ணத்திலிருந்து வந்து காரைக்குடியின் பெயரைத் தாங்கிய வீணைச் சகோதரர்கள் சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் இருவருக்கும் அவர் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார்.

கோட்டையூர், அமராவதிபுதூர் என நகரத்தார் ஊர்கள் சூழ்ந்த காரைக்குடியில் 1945 செப்டம்பர் 11 அன்று பிறந்தவர் மணி. சிறுவயதில் ரங்கு அய்யங்காரிடம் மிருதங்கப் பாடம் தொடங்கினார். பின்னர் சென்னையில் டி.ஆர்.ஹரிஹர சர்மாவிடமும், அடுத்து கே.எம்.வைத்தியநாதனிடமும் பயின்றார். எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள் போன்றோரின் கச்சேரிகளில் வாசித்துப் பெயர் பெற்றார்.

அவருடைய வாசிப்பில் முதலில் காதில் விழுவது சொற்களின் தெளிவு. எவ்வளவு விரைவான காலத்திலும் வலப்பக்கமான வலந்தலையின் மீட்டும் சாப்பும், இடப்பக்கமான தொப்பியின் கும்கியும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. கணக்கும் அப்படியே. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு என 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசிக்க 15 மாத்திரை வேண்டும். ஆகவே 17 மாத்திரை கழித்து எடுத்தால் அது சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து விழும். இப்படி மும்முறை வந்து முடியும் எளிய மோராவின் கணக்கு இவ்வளவுதான். மணியின் கோர்வைகள் இதைவிடப் பன்மடங்கு சிக்கலானவை. ஆனாலும் கேட்பவருக்கு அவை பாட்டைப் போலவே ஒலித்தன. அவருடைய மேதைமை இங்கேதான் இருக்கிறது.

பக்கவாத்தியம் என்ற எல்லைக்குள் மிருதங்கம் அடங்கிவிட வேண்டியதில்லை என்பது அவருடைய உறுதி. கஞ்சிரா மேதை ஜி.ஹரிசங்கருடன் அவர் வாசித்த தனி ஆவர்த்தனங்களை ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். தாளத்தை மையமாக வைத்து அவர் உருவாக்கிய ‘ஸ்ருதி லயா’ குழு இந்த எண்ணத்தின் விளைவு.

ஐரோப்பிய ஜாஸிலும் இதே விடுதலை நடந்துகொண்டிருந்தது. 1937இல் பிறந்த சுவிட்சர்லாந்து டிரம்மர் பியர் ஃபாவ்ர், டிரம்ஸை மட்டுமே வைத்துக் கச்சேரி செய்தார். 1984இல் தாளக்கலைஞர்கள் நால்வர் மட்டும் வாசித்த ‘சிங்கிங் டிரம்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். தாளத்துக்குத் தனக்கென்று ஒரு குரல் உண்டு என்று மணியும் அவரும் நம்பினார்கள்.

ஜாஸ் கலைஞர்கள் மணியைத் தேடி வந்ததற்கும் இதுவே காரணம். ஜாஸில் பாடலின் சுர அடுக்குச் சுற்று திரும்பத் திரும்ப வரும். அதற்குள் கற்பனை விரியும். ஆவர்த்தனத்துக்குள் விரியும் மனோதர்மத்தை அறிந்தவருக்கு அது புரியாத மொழி அல்ல. பின்லாந்து இசையமைப்பாளர் ஏரோ ஹாமென்னியெமி அவருடன் சேர்ந்து பணியாற்றினார். ஜாஸ் பியானோ கலைஞர் பால் கிராபௌஸ்கி 1994இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா, மணியுடன் ‘இன்டு தி ஃபயர்’ என்ற ஆக்கத்தை உருவாக்கியது. அதில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மிருதங்கத்தின் கணக்கைப் பின்தொடர்ந்தன. இத்தகைய கூட்டுமுயற்சிகளில் மிருதங்கம் பெரும்பாலும் வாசனைப் பொருளாகவே சேர்க்கப்படும். இங்கே கட்டுமானமே அதுதான்.

1998ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாகப் பல சீடர்களை உருவாக்கிய மணி, 2023 மே 4 அன்று சென்னையில் காலமானார்.