எஞ்சினின் மூச்சை அளந்த கதை



மழைக்காலத்தில் ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்கு இன்றைய பேச்சு எளிதில் விளங்கும். விறகை மேலும் மேலும் திணித்தால் புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் தீ பிடிக்கும். நெருப்புக்கு விறகு மட்டும் போதாது. காற்றும் அளவாக வேண்டும்.

மோட்டார் எஞ்சினும் ஓர் அடுப்புத்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றும் வெளிவரும். காற்று அளவுக்கு மீறினால் எஞ்சின் திணறும். பாரம் இழுக்கும்போது மிகையாகச் சூடேறிக் கெட்டுப்போகவும் கூடும். இந்த அளவை மனிதன் எப்படி அறிந்துகொண்டான்? அண்டையிலுள்ள சிங்கப்பூரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் 1896-ஆம் ஆண்டு வந்தது. அது ஒரு பென்ஸ் வண்டி. சார்லஸ் பர்ட்டன் பக்லி என்பவர் அதை ஓட்டிச் சென்றபோது எழுந்த சத்தத்தைக் கேட்டு, ஊரார் அதற்குக் 'காப்பி இயந்திரம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த நாளில் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்தன. பஃபலோ ரோடு என்ற பெயர் அதற்கு இன்றும் சாட்சி. பிறகு கார்கள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. நம் முன்னோர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியது அதற்காகத்தான். ஆகவே மோட்டாரின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

1911-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், தேக்காவுக்கு அருகிலிருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில் மக்கள் கூடினார்கள். இன்று அவ்விடம் ஃபேரர் பார்க் எனப்படுகிறது. பெல்ஜியம் நாட்டு விமானி ஜோசப் கிறிஸ்டியான்ஸ் அங்கிருந்து பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில் மேலெழுந்தார். சிங்கப்பூரின் முதல் விமானப் பறப்பு அதுவே. அக்கால விமானங்களில் இருந்த சுழல் எஞ்சின்களுக்குப் பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதை விமானியே கையால் திருகிச் சரிசெய்வார். அவருக்கு இருந்த ஒரே அளவுகோல் காது. எஞ்சினின் ஓசை மாறினால் பெட்ரோலைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். காது தவறினால் எஞ்சின் நிற்கும்.

காதுக்கு அடுத்து வந்தது கண். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. இந்த வித்தை அனுபவத்தால் வருவது. ஆசானின் பக்கத்தில் பல ஆண்டுகள் நின்றவனுக்கே கைகூடும்.

1976-இல் ஒரு மாறுதல் வந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் செய்த ஆக்சிஜன் உணர்கருவி, அமெரிக்காவில் விற்ற வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது. புகைக்குழாயினுள் இருக்கும் இதன் முனை சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளால் ஆனது. நன்கு சூடேறியதும், புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனுக்கும் வெளிக்காற்றின் ஆக்சிஜனுக்கும் உள்ள வேறுபாட்டால் அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் அக்கருவி 'பெட்ரோல் அதிகம்', 'காற்று அதிகம்' என்ற இரண்டு சொல்லையே அறியும். எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

அதைச் சொல்லும் அகல அளவு உணர்கருவி பின்னர் வந்தது. இதில் ஒரு சிற்றறை உண்டு. அதனுள் ஆக்சிஜனை ஏற்றியும் இறக்கியும் மின்சாரம் சமநிலையைக் காக்கும். அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து கலவையின் விகிதம் தெரிந்துவிடும். ஓட்டுநர் முன்னுள்ள மானியில் 12.8 என்றோ 14.7 என்றோ எண்ணாக அது வந்து நிற்கும்.

இந்தக் கருவிகளுக்கு ஒரு பகை உண்டு, அதுதான் ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் உணர்கருவியையும், நச்சுப் புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றியையும் கெடுத்துவிடும். குழந்தைகளின் மூளையையும் அது பாதிக்கும். சிங்கப்பூரில் ஈயமற்ற பெட்ரோல் 1991-இல் வந்தது; 1998 ஜூலையில் ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றது. கருவிக்கு ஆகாதது குழந்தைக்கும் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன், "மெக்கானிக் வேலைக்குக் கணக்கு எதற்கு சார்? காது போதாதா?" என்று கேட்பான். பின்னாளில் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது தன் கதையைச் சொன்னான். ஒரு காரில் மானி 'காற்று அதிகம்' என்று காட்டியதாம். இவன் பெட்ரோலைக் கூட்டினான். எஞ்சின் இன்னும் மோசமாயிற்று. உடனிருந்த மூத்தவர், "முதலில் பிளக்கைப் பாருடா" என்றார். ஒரு பிளக்கில் பொறி வரவில்லை. எரியாமல் வந்த ஆக்சிஜனைத்தான் கருவி கண்டு சொன்னது. கருவி பொய் சொல்லவில்லை. இவன்தான் அதன் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டான். "காதும் வேண்டும், கணக்கும் வேண்டும் சார்" என்றான்.

நேயர்களே, 2040-க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓடவேண்டும் என்பது சிங்கப்பூரின் திட்டம். அதுவரை பெட்ரோல் எஞ்சின்கள் நம்மிடையே இருக்கும். புல்வெட்டும் இயந்திரமானாலும் மோட்டார் சைக்கிளானாலும், மூடிய கொட்டகைக்குள் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதை நம் காதும் கண்ணும் மூக்கும் அறியமாட்டா. கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளைப் புகைக்குழாயின் பின்னே நிற்கவிடாதீர்கள். பட்டறைக்குப் போக விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் கணக்கும் அறிவியலும் படித்து முடித்தபின் அனுப்புங்கள்.