பிடித்தால் 25 டாலர்

1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் புத்தகம் ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஊர் கலிஃபோர்னியாவின் டிபுரான். சட்டம் படித்துவிட்டுப் பதிப்புத் தொழிலுக்கு வந்தவர். அவரிடம் இருந்தது புது ஐபிஎம் பிசி, கூட எழுதியவரிடம் இருந்ததோ வேறு ரகக் கணினி. தொலைபேசி வழியே இரண்டுக்கும் இடையே கோப்புகளை அனுப்ப, தானே ஒரு நிரலை எழுதினார். அதுதான் பிசி-டாக்.

கடையில் வைத்து விற்க வேண்டுமானால் பெட்டி, விளம்பரம், விநியோகஸ்தர் என்று முதல் போட வேண்டும். ஃப்ளூகல்மன் அந்தப் பக்கமே போகவில்லை. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நேயர்களிடம் நன்கொடை கேட்கும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். நிரலை யாரும் நகலெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்பலாம்.

அதே சமயத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஐபிஎம் ஊழியரான ஜிம் க்நோஃபும் இதே வழிக்கு வந்து சேர்ந்திருந்தார். தேவாலயத்துக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்க எழுதிய நிரலைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, 10 டாலர் தந்தால் உதவியாக இருக்கும் என்று ஒரு குறிப்பும் வைத்தார். இருவருக்கும் தொடர்பு ஏற்பட்டதும் க்நோஃபின் நிரல் பிசி-ஃபைல் என்று பெயர் மாறியது, அதன் விலையும் 25 டாலரானது. ஒருவர் நிரலில் மற்றவருடையதைப் பரிந்துரைப்பது என்றும் பேசி வைத்துக்கொண்டார்கள். போட்டியாளர்களாக நினைத்திருந்தால் இரண்டுமே அப்போதே முடங்கியிருக்கலாம். 1984-ல் க்நோஃப் ஐபிஎம் வேலையை விட்டுவிட்டார்.

இந்த வியாபாரத்தின் மிகச் சாமர்த்தியமான கணக்கைப் போட்டவர் பாப் வாலஸ். மைக்ரோசாஃப்டின் ஒன்பதாவது ஊழியரான அவர், 1983-ல் அங்கிருந்து வெளியேறி, சியாட்டிலில் குயிக்சாஃப்ட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். சரக்கு, பிசி-ரைட் என்ற எழுத்துச் செயலி. டிஸ்க் மட்டும் 10 டாலர். 75 டாலர் கட்டிப் பதிவு செய்தால் அச்சிட்ட கையேடும் தொலைபேசி உதவியும் கிடைக்கும், கூடவே தனி எண் கொண்ட பிரதியும். அந்த எண்ணுள்ள பிரதியை வாங்கிப் பார்த்த வேறொருவர் பதிவு செய்தால், எண்ணுக்கு உரியவருக்கு 25 டாலர் கமிஷன் போகும். ஆக, நகலெடுப்பவர் திருடர் இல்லை, சம்பளமில்லாத விற்பனையாளர்! டிஸ்க்கும் அவருடையது, தபால் செலவும் அவருடையது. ஷேர்வேர் என்று பெயர் பெற்ற இந்த விற்பனை முறை முதலீட்டாளர் இல்லாமலே வளர்ந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். 1993 டிசம்பரில் டூம் விளையாட்டின் முதல் பாகம் இலவசமாக வந்து உலகைச் சுற்றியதும் இதே தெம்பில்தான்.

செயற்கை நுண்ணறிவில் இந்தக் கணக்கு தலைகீழானது.

தொழில்முனைவோரான டேவிட் ஹோல்ஸ் முன்பு நடத்திய லீப் மோஷன் நிறுவனம், பெரும் முதலீடு வாங்கிப் பேர் எடுத்தது. 2019-ல் விற்கப்பட்டபோது பழைய மதிப்பில் சிறு பங்குதான் கிடைத்தது. அடுத்து அவர் தொடங்கிய, எழுத்தில் கேட்டதைச் செயற்கை நுண்ணறிவால் படமாக்கித் தரும் மிட்ஜர்னிக்கு முதலீட்டாளர்களை அண்டவிடவில்லை. 2022 ஜூலையில் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது அதற்குச் சொந்தச் செயலிகூடக் கிடையாது. டிஸ்கார்டு அரட்டை அறையில் ஒரு வரி தட்டினால், சற்று நேரத்தில் நான்கு படங்கள் கட்டமாக வந்து விழும். முதலில் சில படங்கள் இலவசம், பிறகு மாதம் 10 டாலர் முதல் சந்தா. பத்துப் பதினைந்து பேர் கொண்ட அந்தக் குழு, சில வாரங்களிலேயே லாபத்தில் ஓடுவதாக ஹோல்ஸ் சொன்னார்.

ஆனால் பிசி-ரைட் நகலால் வாலஸுக்கு ஒரு காசு செலவில்லை. மிட்ஜர்னியின் ஒவ்வொரு படத்துக்கும் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சிப் ஓட வேண்டும். இலவசமாக வருபவர் கூடக் கூட நஷ்டம். ஒருவரே பல கணக்கு தொடங்கி இலவசப் படங்களாக எடுத்துத் தள்ளியதில், 2023 மார்ச்சில் இலவச முயற்சி நிறுத்தப்பட்டது.

இன்னொரு செலவு கணக்கிலேயே ஏறவில்லை. ஃப்ளூகல்மனும் க்நோஃபும் விற்றது தாங்களே எழுதிய நிரல். மிட்ஜர்னி கற்றுக்கொண்டதோ இணையத்தில் கிடந்த பிறர் படங்களிலிருந்து. நகல் கொடுத்தவருக்கே வாலஸ் 25 டாலர் எடுத்து வைத்தார். அந்தப் படங்களை வரைந்தவர்களுக்கு மிட்ஜர்னி எதுவும் எடுத்து வைக்கவில்லை. 2023 ஜனவரியில் ஓவியர்கள் சிலர் அதன்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்துக்குப் போயின.