முளா ஆற்றங்கரையில் முதல் தக்காளி

புணே நகரின் வடமேற்கில், கட்கி கன்டோன்மென்டை, அதாவது ஆங்கிலேயர் காலத்துப் படைக் குடியிருப்பை, ஒட்டி முளா ஆற்றின் தென்கரையில் அமைந்திருக்கும் போபோடி, பழைய மும்பைச் சாலையில் செல்வோர் ஆற்றுப் பாலத்தை எட்டுவதற்கு முன் கடந்துபோகும் ஊர் என்ற அளவிலேயே பெரும்பாலோருக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் தக்காண மேட்டுநிலத்தில் அயல்நாட்டுக் காய்கறிகள் வேரூன்றிய கதையைத் தேடிப் போகிறவர் இவ்வூரை அவ்வளவு விரைவில் கடந்துவிட முடியாது. ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய் மாகாண அரசின் தாவரத் தோட்டங்கள் இரண்டு, ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் தாபோடியிலும், மற்றொன்று இக்கரையில் கணேஷ்கிண்டிலும் என, ஒன்றன்பின் ஒன்றாக இதன் இரு பக்கங்களிலும் இயங்கின. வீட்டுக் கொல்லையில் நட்ட தக்காளியின் முதல் பழம் சிவப்பதற்காகக் காத்திருக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்கு எப்படி வந்தது என்பதற்கு விடை, பெரும்பாலும் இந்த இரு தோட்டங்களுக்கும் கன்டோன்மென்டுக்கும் இடைப்பட்ட சில மைல் தொலைவுக்குள்ளேயே கிடைக்கிறது.

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் நடந்த போரில் மராத்திய ஆட்சியாளரான பேஷ்வாவின் படை தோற்ற பிறகு, இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் நிலையாகத் தங்கும் இடமாயிற்று. பத்தாண்டுகள் கழிந்து பம்பாய் ஆளுநராக இருந்த சர் ஜான் மால்கம், முளாவும் பவனாவும் கூடும் இடத்துக்கு அருகே தாபோடியில் இருந்த ஒரு பெரிய வீட்டை 1828இல் ஆளுநர் மாளிகையாக அரசுக்காக வாங்கியபோது, அதன் வளாகத்தில் ஒரு தாவரத் தோட்டத்தையும் ஏற்படுத்தினார். அக்காலத்தில் தாவரத் தோட்டம் என்பது பொதுமக்கள் உலவும் பூங்கா அன்று. வெளிநாட்டு விதைகளையும் நாற்றுகளையும் தருவித்து, இந்த மண்ணிலும் இந்தத் தட்பவெப்பத்திலும் அவை பிழைக்கின்றனவா என்று பார்த்து, பிழைத்தவற்றைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் ஆய்வு நிலையம் அது. அதன் மேற்பார்வை கம்பெனியின் மருத்துவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1838 முதல் பொறுப்பு வகித்த அலெக்சாண்டர் கிப்சன் பின்னாளில் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராகவும் ஆனார். அவர் காலத்தில் இத்தோட்டத்துச் செடிகளை நேரில் பார்த்து வரையப்பட்ட வண்ண ஓவியங்கள் இன்று எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இலை நரம்பையும் விதைப் பையையும் அவ்வளவு நுட்பமாகத் தீட்டிய அந்த ஓவியர் போர்த்துக்கீசிய வழி வந்த இந்தியர் என்பது மட்டுமே தெரிகிறது. மேற்பார்வையாளர்களின் பெயர்களையெல்லாம் பதிவு செய்த ஏடுகள் அவர் பெயரைப் பதிவு செய்யவில்லை. பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய மாலிகளின், அதாவது தோட்டக்காரர்களின், நிலையும் அதுவே. இந்த வரலாற்றில் உள்ள பெருங்குறை இதுதான் என்று சொல்ல வேண்டும்.

தாபோடி வளாகம் 1865இல் கைமாறியபின் ஆளுநர் மாளிகை கணேஷ்கிண்டுக்குப் பெயர்ந்தது. இன்று சாவித்ரிபாய் ஃபுலே புணே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடமாக விளங்குவது அந்த மாளிகையே. அதன் அருகே, போபோடிக்குத் தெற்கில், 1873இல் கணேஷ்கிண்ட் தாவரத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கு மேற்பார்வையாளராக இருந்த ஜி. மார்ஷல் உட்ரோ, இந்தியத் தோட்டக்கலை பற்றி எழுதிய கையேடு பலமுறை திருத்தி அச்சிடப்பட்டு, பங்களாத் தோட்டம் வைத்திருந்தவர்களிடையே பரவியது. தமிழகத்தில் கொய்யா பயிரிடுவோர் நன்கறிந்த 'லக்னோ 49' என்ற ரகம், பின்னாளில் இதே கணேஷ்கிண்ட் நிலத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இப்போது பழப்பயிர் ஆய்வு நிலையமாக ராகுரி வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அத்தோட்டம், மகாராஷ்டிர அரசால் பல்லுயிர் மரபிடமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பயிராக வளர்க்கப்பட்டு, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பாவை எட்டிய தக்காளி, இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியரால் வந்ததாகக் கருதப்படுகிறது. எனினும் வந்த வேகத்தில் அது அடுப்பேறிவிடவில்லை. புளி, கோகம், மாங்காய், தயிர் என்று புளிப்புக்கு ஏற்கெனவே பல வழிகள் இருந்த சமையலில் அதற்கு உடனடித் தேவை இருக்கவில்லை. ஜார்ஜ் வாட் 1889 முதல் வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் அகராதியில், தக்காளி இன்னமும் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்படுகிறது என்றும், இந்நாட்டு மக்கள் அதை விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்றும், வங்காளிகளும் பர்மியர்களும் புளிப்புக் குழம்பில் சேர்க்கிறார்கள் என்றும் எழுதினார். இன்று மராத்தி வீடுகளின் தக்காளிச் சாரும் தமிழ் வீடுகளின் தக்காளி ரசமும் பழங்காலந்தொட்டு வருபவைபோலத் தோன்றினாலும், அவற்றின் வயது அவ்வளவு அதிகமில்லை.

ஆகவே, கட்கி வட்டாரத்தில் முதல் தக்காளிக்காகக் காத்திருந்தவர்கள் அதிகாரிகளும் படையினரும் என்றே கொள்ள வேண்டும்; அவர்களுக்காகச் செடியைக் காத்தவர்களோ மாலிகள். மழைக்காலத்தில் புணேயில் தங்கிக் குளிர்காலத்தில் பம்பாய்க்குத் திரும்பிவிடுவது ஆளுநரின் வழக்கமாக இருந்ததால், பழம் சிவக்கும் நாளில் கணேஷ்கிண்ட் மாளிகையில் அவர் பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார். விதை முதலில் கப்பல் வழியாக இங்கிலாந்திலிருந்து வந்தது; 1884இல் பெஸ்தோன்ஜி பி. போச்சா நிறுவனம் புணேயிலேயே விதை வணிகத்தைத் தொடங்கிய பிறகு, அதற்கு உள்ளூரிலும் வழி பிறந்தது. நீர், 'மோட்' எனப்படும் தோல் சாலால் கிணற்றிலிருந்து எருதுகளைப் பூட்டி இறைக்கப்பட்டது; தமிழகத்தில் கவலை இறைத்தல் என்று சொல்லப்பட்ட அதே முறைதான் இது.

காத்திருப்பின் நீளத்தைத் தீர்மானித்தது தக்காணத்தின் பருவம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள புணேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் இலைக்கருகல் நோய் பரவும் என்பதால், கொல்லைத் தோட்டத்தில் மழை ஓயும் தறுவாயில் நாற்று விட்டு, நான்கு வாரங்களில் பிடுங்கி நட்டால், அதன்பின் ஒரு மாதத்தில் பூ எடுக்கும். இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை செல்சியசுக்குள் இருக்கும்போது பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். கோடையில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் பூக்கள் உதிரும். பிஞ்சு முழு அளவுக்குப் பருத்துப் பழுக்க ஏறத்தாழ ஆறேழு வாரங்கள் ஆவதால், செப்டம்பரில் ஊன்றிய விதையின் முதல் பழம் டிசம்பர் கடைசியிலோ சங்கராந்தியை ஒட்டியோதான் கைக்குக் கிடைக்கும்.

அந்தக் கடைசி வாரங்களே மிக நீளமானவை. காய் முழு அளவை எட்டிய பிறகும் பல நாட்கள் பச்சையாகவே தொங்கும். பின்னர் அதன் கரும்பச்சை வெளிறி, காம்புக்கு எதிர்ப்புறமான அடிப்பகுதியில் விண்மீன் வடிவில் ஒரு வெண்மை தோன்றி, அதே இடத்தில் மங்கிய இளஞ்சிவப்பு பரவத் தொடங்கும். காயின் உள்ளேயே உண்டாகும் எத்திலின் என்ற வாயுவே இம்மாற்றத்தைத் தூண்டுகிறது. சிவப்பைத் தரும் லைகோபீன் என்ற நிறமி 20 முதல் 25 பாகை வெப்பத்தில் நன்கு உருவாகும். 30 பாகைக்கு மேல் அது தடைபடுவதால் கோடைப் பழம் மஞ்சள் கலந்த செம்மையிலேயே நின்றுவிடும். டிசம்பர் இரவுகளில் புணேயின் குளிர் 12 பாகைக்கும் கீழே இறங்கும்போதும் பழுப்பது தாமதமாகும். இதற்கிடையே கரிசல் மண்ணில் நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் பாய்ந்தால், கால்சியம் காயின் நுனிவரை சென்று சேராமல் அடிப்பகுதி கறுத்து அழுகும்; கொண்டைக்குருவியும் அணிலும் நிறம் மாறிய முதல் நாளே வந்துவிடும். நிறம் திரும்பிய காய் செடியிலிருந்து எத்திலினுக்காக எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதால், கைதேர்ந்த தோட்டக்காரர் அந்நிலையிலேயே அதைப் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்க விடுவார். செடியிலேயே சிவக்கட்டும் என்று பொறுத்திருந்து பறவைக்குக் கொடுத்துவிடுவதைவிட அது தாழ்ந்த வழி ஆகாது.

விடுதலைக்குப் பிந்தைய ஆய்வுகள் இந்தக் காத்திருப்பைச் சுருக்கின. தில்லி வேளாண் ஆய்வுக் கழகம் 'சியூ' என்ற அமெரிக்க ரகத்தையும் மீரட் வட்டார ரகத்தையும் கலந்து உருவாக்கிய 'பூசா ரூபி' நட்ட இரண்டு மாதங்களில் காய்க்கத் தொடங்கியது. தமிழகத்தில் பெரியகுளத்திலிருந்து 'பி.கே.எம். 1' வந்தது, ராகுரியிலிருந்து 'தனஸ்ரீ'யும் 'பாக்யஸ்ரீ'யும் வந்தன. புணே மாவட்டத்தின் ஜுன்னர் வட்டத்து நாராயண்காவ் சந்தையிலிருந்து இன்று நெடுந்தொலைவு செல்லும் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் கலப்பின வீரிய ரகங்கள். பழைய ரகம் வைத்திருந்த வீடுகளில் முதலில் பழுத்த நல்ல பழங்களுள் ஒன்றைத் தின்னாமல் ஒதுக்கி, விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு நீங்கும்படி இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்துக் கழுவி, சாம்பலில் பிசறி நிழலில் உலர்த்துவது உண்டு. கலப்பின ரகத்தின் விதை அடுத்த தலைமுறையில் தாயைப்போல் காய்க்காது என்பதால், போபோடியில் மாடித் தொட்டியில் அதை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு மழைக்கால இறுதியிலும் புதிய விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள்.