ராத்திரி கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணணுமா, அப்படியே விடலாமா? அந்தமானில் பதில் ஏன் மாறுகிறது?

வேலை முடிஞ்சாச்சு, படமும் பார்த்தாச்சு. இனி கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணிவிட்டுத் தூங்கணுமா, இல்லை அப்படியே ஓடவிட்டுக் காலையில் வந்து மவுஸை அசைத்தால் போதுமா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே இந்த விவாதம் உண்டு. "அடிக்கடி ஆன், ஆஃப் பண்ணினா கெட்டுப்போகும்" என்பது ஒரு கட்சி. "ராத்திரி முழுக்க ஓடினா சூடாகிக் கெட்டுப்போகும், கரண்ட் பில்லும் ஏறும்" என்பது இன்னொரு கட்சி.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இது பெரும்பாலும் வசதி சார்ந்த விஷயம். எதைச் செய்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே மின்சாரம் தயாராகும் விதம், மின்தடை, கடல் காற்று ஆகிய மூன்றும் கணக்கை மாற்றிவிடுகின்றன.

சுருக்கமான பதில் இதுதான்: தீவில் இருக்கிறீர்கள் என்றால், ராத்திரி ஆஃப் பண்ணிவிடுங்கள். திறந்து வைத்த வேலை அப்படியே வேண்டும் என்றால் ஹைபர்னேட் பண்ணுங்கள். ஆனால் வாரக்கணக்கில் தொடாமல் மூடி வைக்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீவில் ஒரு யூனிட் மின்சாரம் எப்படி வருகிறது?

தமிழ்நாட்டில் நாம் பயன்படுத்தும் மின்சாரம் நாடு முழுவதையும் இணைக்கும் கிரிட்டிலிருந்து வருகிறது. ஓர் இடத்தில் உற்பத்தி குறைந்தால் இன்னோர் இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்தமான் நிக்கோபார் இந்த கிரிட்டில் இல்லை. வெவ்வேறு தீவுகளுக்கு வெவ்வேறு மின்நிலையங்கள்; எல்லாத் தீவுகளையும் ஒன்றாக இணைக்கும் ஒரே மின்பாதை கிடையாது.

அந்த மின்நிலையங்களில் பெரும்பாலானவை டீசல் ஜெனரேட்டரில் ஓடுபவை. டீசல் கப்பலில் கடல் கடந்துதான் வர வேண்டும். வடக்கு அந்தமானில் டிக்லிபூர் அருகே 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம் இருக்கிறது. தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) என்எல்சி நிறுவனம் பேட்டரி சேமிப்புடன் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2020-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் சூரிய மின்சாரம் பகலில் கிடைப்பது. ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் கம்ப்யூட்டர் சும்மா ஓடுகிறது என்றால், அதை ஓட்டுவது பெரும்பாலும் டீசல்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. தீவுகளில் வீட்டு இணைப்புக்கு வசூலிக்கும் கட்டணம், மின்சாரத்தைத் தயாரித்து வழங்க ஆகும் செலவைவிடப் பல மடங்கு குறைவு. வித்தியாசத்தை அரசின் நிதி ஈடுகட்டுகிறது. அதனால் கரண்ட் பில்லை மட்டும் பார்த்து "பெருசா ஒண்ணும் ஆகலையே" என்று முடிவு செய்தால், உண்மையான செலவு கண்ணில் படாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

சாதாரண டெஸ்க்டாப் ஒன்று, மானிட்டரை அணைத்துவிட்டு சும்மா ஓடும்போது சுமார் 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழையது, கிராபிக்ஸ் கார்டு உள்ளது என்றால் இன்னும் அதிகம் எடுக்கும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தயாரிக்கும் என்பது பொதுவான கணக்கு. இதன்படி ஓர் ஆண்டுக்கு:

• ஓடவிட்ட டெஸ்க்டாப் (60 வாட்): சுமார் 175 யூனிட். டீசல் 44 முதல் 50 லிட்டர்.
• ஓடவிட்ட லேப்டாப் (10 வாட்): சுமார் 29 யூனிட். டீசல் 7 முதல் 8 லிட்டர்.
• ஸ்லீப்பில் இருக்கும் டெஸ்க்டாப் (3 வாட்): சுமார் 9 யூனிட். டீசல் இரண்டரை லிட்டருக்குள்.
• ஷட் டவுன் செய்து, பிளக்கில் மட்டும் இருப்பது (1 வாட்): சுமார் 3 யூனிட். டீசல் ஒரு லிட்டருக்கும் குறைவு.
• சுவர் சுவிட்சையும் அணைத்தால்: பூஜ்யம்.

யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால், டெஸ்க்டாப்பை ஓடவிடும் பழக்கத்துக்கு மாதம் 72 ரூபாய் ஆகும். ஒரு வீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் ஆயிரம் வீடுகளில் இதே பழக்கம் என்றால் ஆண்டுக்கு 1.75 லட்சம் யூனிட். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி நான்கு நிறைய டீசல். அவ்வளவையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, யாரும் உட்கார்ந்து பார்க்காத கம்ப்யூட்டர்களுக்காக எரிக்கிறோம்.

ஸ்கிரீன் சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே படம் அழுத்தமாகப் பதிந்துவிடாமல் இருக்க வந்தது அது. மானிட்டர் அணைந்தால்தான் மிச்சம்.

ஆன், ஆஃப் பண்ணினால் கெட்டுப்போகுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களில் அமெரிக்காவில் உருவான எனியாக் கம்ப்யூட்டரில் 17,000-க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சூடாகும்போதும் ஆறும்போதும்தான் அவை அதிகம் பழுதாகின. அதனால் அதை அணைக்காமலே வைத்திருக்கப் பார்த்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு.

அதன்பின் வந்த ஹார்ட் டிஸ்க்குகளும் இந்தப் பயத்தை வளர்த்தன. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்குகளுக்கே 40,000 முதல் 50,000 தடவை நின்று ஓடலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் 40,000 தடவைக்கு 109 ஆண்டுகள் ஆகும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. தினமும் ஒருமுறை அணைப்பதால் கம்ப்யூட்டரின் ஆயுள் குறையும் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

அணைக்காமல் விட்டால் தேய்மானம் வேறு இடத்தில் நடக்கிறது. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், தூசியும் உப்புக் காற்றும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ராத்திரி கரண்ட் போனால்?

தீவு வீடுகளுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. சிறிய மின்நிலையத்தை நம்பியிருக்கும் இடத்தில் ஒரு ஜெனரேட்டர் நின்றாலும், மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தாலும் மின்தடை வரும்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் சாதாரணமாகப் பத்து, இருபது நிமிடம் தாங்கும். நீங்கள் விழித்திருந்தால் அதற்குள் வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பீர்கள். தூங்கிக்கொண்டிருந்தால்? யூபிஎஸ் கொஞ்ச நேரம் பீப் அடித்து ஓயும். கம்ப்யூட்டர் சட்டென்று நிற்கும். அந்த நொடியில் டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு சிதையலாம். அப்டேட் பாதியில் நின்றால் விண்டோஸே திறக்காமல் போகலாம். யூபிஎஸ் பேட்டரியும் அடிமட்டம் வரை இறங்கி இறங்கி சீக்கிரம் வீணாகும்.

கரண்ட் திரும்ப வரும்போது சில சமயம் மின்னழுத்தம் எகிறும். இடி, மின்னல் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஷட் டவுன் மட்டும் பண்ணினால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். செம்புக் கம்பி வழியாக இன்டர்நெட் வந்தால் அந்த வயரையும் கழற்ற வேண்டும். கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வரும்.

'டவுன்லோடு போட்டிருக்கேன், அதான் விட்டுவெச்சிருக்கேன்'

ஒரு காலத்தில் இது நியாயமான காரணம். தீவுகளுக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகவே வந்துகொண்டிருந்தது. வேகம் குறைவு. பெரிய கோப்பு வேண்டும் என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி நிலைமை மாறியது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட கண்ணாடி இழை கேபிளைப் பிரதமர் மோடி அன்று தொடங்கி வைத்தார். போர்ட் பிளேருடன் ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களும் இதில் இணைந்தன. நல்ல ஃபைபர் இணைப்பு கிடைத்த வீட்டில், ராத்திரி முழுக்க இழுத்த வேலை இப்போது சாப்பிட்டு முடிப்பதற்குள் முடியும். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது.

ஃபைபர் எட்டாத இடத்தில் இருப்பவர்கள் டவுன்லோடு முடிந்ததும் தானாக ஷட் டவுன் ஆகும்படி வைக்கலாம். பல டவுன்லோடு மென்பொருள்களில் அந்த வசதி உண்டு.

ஈரக்காற்றுக்கு ஓடிக்கொண்டிருப்பதுதானே நல்லது?

'அணைக்காதே' என்பவர்களின் வாதங்களில் தீவுக்குப் பொருந்தும் ஒரே வாதம் இதுதான். அதில் உண்மையும் இருக்கிறது. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஆண்டின் பெரும்பகுதி ஈரமான காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் ரேம், சாக்கெட் போன்ற இடங்களில் துரு பிடிக்கும்.

ஓடும் கம்ப்யூட்டரின் உள்ளே வெப்பம் அதிகம், அதனால் ஈரப்பதம் குறைவு. 26 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 31 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் சுமார் 67 சதவீதமாக இறங்கும். ஆனால் இதற்காக ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டியதில்லை. தினமும் சில மணி நேரம் பயன்படுத்துகிற கம்ப்யூட்டர் அந்த நேரத்திலேயே உள்ளுக்குள் காய்ந்துவிடுகிறது.

பிரச்னை வருவது ஊருக்குப் போகும்போது. ஒரு மாதம் சென்னைக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் யாராவது இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பை சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் வைக்கலாம். பேட்டரியில் பாதி அளவு சார்ஜ் இருப்பது நல்லது.

ஷட் டவுன், ஸ்லீப், ஹைபர்னேட்: என்ன வித்தியாசம்?

ஸ்லீப்: திறந்து வைத்த வேலை ரேமில் இருக்கும். கொஞ்சம் மின்சாரம் வேண்டும். டெஸ்க்டாப்பில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் ஓய்ந்தால், சேமிக்காதது போய்விடும். சாப்பிடப் போகும்போது சரி, ராத்திரிக்கு வேண்டாம்.

ஹைபர்னேட்: வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும். கரண்ட் போனாலும் பாதிப்பில்லை. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தீவு வீடுகளுக்குப் பொருத்தமானது. மெனுவில் காணவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பகுதியைத் திறந்து டிக் செய்யுங்கள்.

ஷட் டவுன்: எல்லாவற்றையும் மூடி அணைப்பது. ஆனால் இதில் ஒரு சின்ன சூட்சுமம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். தினமும் அணைத்தும் டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' இருபது நாள் என்று காட்டுவது இதனால்தான். கம்ப்யூட்டர் மந்தமானாலோ அப்டேட் முடியவில்லை என்றாலோ, ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுதான் முழுப் புதுத் தொடக்கம். வாரம் ஒருமுறை போதும்.

அணைக்கவே முடியாதவர்கள் என்ன செய்வது?

சிசிடிவி பதிவு, கடைக் கணக்கு சர்வர், தொலைவிலிருந்து இணைந்து செய்யும் வேலை என்று சிலருக்குக் கம்ப்யூட்டர் ஓடித்தான் ஆக வேண்டும். அவர்கள் மானிட்டரை அணைக்கலாம். முடிந்தால் டெஸ்க்டாப்புக்குப் பதில் லேப்டாப் அல்லது மினி பிசி வைக்கலாம்; மேலே உள்ள கணக்கில் 60 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தோம். யூஎஸ்பி வயரில் இணையும் யூபிஎஸ் வாங்கினால், பேட்டரி தீரும் முன் அதுவே கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கும். மலிவான பல மாடல்களில் அந்த வசதி இருக்காது, கேட்டு வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு ராத்திரி வேலை மூன்றுதான்: வேலையைச் சேமியுங்கள், ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன் கொடுங்கள், திரை அணைந்ததும் சுவர் சுவிட்சையும் தட்டிவிடுங்கள். இடி இடித்தால் பிளக்கையும் பிடுங்குங்கள். ஒரு நிமிட வேலைக்கு, ஒரு டெஸ்க்டாப்பில் மட்டும் ஆண்டுக்கு 44 லிட்டருக்கும் மேல் டீசல் மிச்சம்.