கூண்டுக் கிளியும் கட்சிக் கண்ணாடியும்

எஜமானரின் குரலில் பேசும் கூண்டுக் கிளி என்று மத்தியப் புலனாய்வு அமைப்பை (சிபிஐ) உச்சநீதிமன்றம் வர்ணித்தது 2013 மே 8-ஆம் நாள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது அந்த வர்ணனையை நினைவூட்டாத கட்சி இல்லை. ஆளுங்கட்சியானதும் அதை மறக்காத கட்சியும் அரிது. ஆட்சியில் இருப்பவர் ஒரு குற்ற வழக்கின் புலன்விசாரணையில் தலையிடுவது சரியா, தவறா என்ற கேள்விக்கு, தலையிட்டவர் எந்தக் கட்சி என்று கேட்டறிந்த பிறகே விடை கூறும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நடந்தது என்ன, சட்டம் கூறுவது என்ன என்று பார்ப்பது அவசியம்.

நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கை சிபிஐ விசாரித்தது உச்சநீதிமன்றத்தின் கண்காணிப்பில். 2013 மார்ச்சில் தாக்கல் செய்யப்பட்ட நிலவர அறிக்கையின் வரைவு, நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே அன்றைய சட்ட அமைச்சர் அஸ்வனி குமாரிடமும், பிரதமர் அலுவலகம், நிலக்கரி அமைச்சகம் ஆகியவற்றின் அதிகாரிகளிடமும் காட்டப்பட்டது. ஏப்ரல் 26-இல் சிபிஐ இயக்குநர் ரஞ்சித் சின்ஹா தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் இதை ஒப்புக்கொண்டது. மே மாதம் அளித்த இரண்டாவது பிரமாணப் பத்திரம், செய்யப்பட்ட திருத்தங்களையும் விவரித்தது. அறிக்கையின் சாரமே மாற்றப்பட்டுவிட்டதாக நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அமர்வு கண்டித்தது. அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுவது சட்ட அமைச்சரின் கடமை என்று காங்கிரஸ் வாதிட்டது. விசாரிக்கப்படுபவரே விசாரணை அறிக்கையைத் திருத்துவதா என்று கேட்ட பாஜக, அமைச்சரின் பதவி விலகலைக் கோரியது. மே 10-இல் அஸ்வனி குமார் பதவி விலகினார்.

ஐந்தாண்டுகள் கழித்து அதே நாடகம் நடந்தபோது பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. 2018 அக்டோபர் 23 நள்ளிரவில், சிபிஐ இயக்குநர் ஆலோக் வர்மாவின் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. அவருக்கும் சிறப்பு இயக்குநர் ராகேஷ் அஸ்தானாவுக்கும் இடையிலான பூசலால் அமைப்பின் நம்பகத்தன்மை குலைந்ததாகவும், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படியே நடவடிக்கை எடுத்ததாகவும் பாஜக அரசு விளக்கியது. 2013-இல் அமைச்சரைக் காத்து நின்ற காங்கிரஸ், சிபிஐ தலைமையகத்தின் முன் போராட்டம் நடத்தியது. தேர்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இயக்குநரின் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்று கூறி, 2019 ஜனவரி 8-இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இரண்டே நாள்களில் பிரதமர், எதிர்க்கட்சித் தரப்பின் மல்லிகார்ஜுன கார்கே, நீதிபதி ஏ.கே. சிக்ரி ஆகியோர் அடங்கிய குழு கூடி, கார்கேயின் எதிர்ப்பை மீறி, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வர்மாவை அப்பதவியிலிருந்து மாற்றியது.

இவ்விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஜெயின் ஹவாலா விவகாரத்தில் எழுந்த வினீத் நாராயண் வழக்கில் 1997 டிசம்பர் 18-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு அடிப்படை. 1946-ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம், சிபிஐயைக் கண்காணிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. ஆனால், ஒரு வழக்கை எப்படி விசாரிக்க வேண்டும், யாரை விசாரிக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிடுவது அந்த அதிகாரத்துக்குள் அடங்காது என்றது தீர்ப்பு. அமைப்பின் நிர்வாகத்துக்கு அரசு பொறுப்பு. விசாரணைக்குச் சட்டம் மட்டுமே எஜமானர்.

இந்த எல்லைக்கோட்டை அழிக்கும் முயற்சியில் கட்சி வேறுபாடு கிடையாது. மூத்த அதிகாரிகளை விசாரிக்கும் முன் அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற ஆணையை 1997 தீர்ப்பு செல்லாததாக்கியது. வாஜ்பாய் ஆட்சிக்காலத்தில் 2003-இல் அதே பாதுகாப்பு சட்டப்பிரிவாகவே திரும்பி வந்தது. மன்மோகன் சிங் அரசும் நீதிமன்றத்தில் அதை ஆதரித்தது. 2014 மே 6-இல் அரசியல் சாசன அமர்வு அதையும் ரத்து செய்தது. நரேந்திர மோடி அரசு 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவைச் சேர்த்தபோது, அலுவல் முடிவுகள் தொடர்பான விசாரணைக்கு முன்அனுமதி என்ற ஏற்பாடு இன்னும் பரந்த வடிவில் மீண்டும் வந்தது.

மாநிலங்களும் விதிவிலக்கல்ல, தமிழகம் தந்த உதாரணங்கள் பாடநூலில் இடம்பெறத் தக்கவை. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், அவர் மீண்டும் முதல்வரான பிறகு, ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் மறுபடியும் அழைக்கப்பட்டனர். அவர்களில் 64 பேர் முந்தைய வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினர். அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கக் கோரி அரசு வழக்குரைஞர் எதுவும் செய்யவில்லை. திமுக பொதுச்செயலாளர் க. அன்பழகன் தொடுத்த வழக்கில், 2003 நவம்பர் 18-இல் உச்சநீதிமன்றம் விசாரணையைப் பெங்களூருக்கு மாற்றியது. குற்றஞ்சாட்டப்பட்டவரே அரசின் தலைவராக இருக்கும்போது, அந்த அரசு நடத்தும் வழக்கு என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அன்று அந்த வாதத்தை முன்வைத்த திமுகவின் ஆட்சியிலும் கேள்விகள் எழாமல் இல்லை. அமைச்சர்கள் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகியோர் மீது அதிமுக ஆட்சியில் தொடரப்பட்ட சொத்துக் குவிப்பு வழக்குகளில், 2021-இல் ஆட்சி மாறிய பிறகு லஞ்ச ஒழிப்புத் துறை கூடுதல் விசாரணை நடத்தி, குற்றம் நிகழவில்லை என அறிக்கை அளித்தது. அதன்பேரில் இருவரும் விடுவிக்கப்பட்டனர். 2023 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து இந்த விடுவிப்புகளை மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர் அத்துடன் நிற்கவில்லை. திமுக ஆட்சியில் ஓ. பன்னீர்செல்வம் மீது தொடரப்பட்டு, அதிமுக ஆட்சியில் 2012-இல் கைவிடப்பட்ட வழக்கையும் கையில் எடுத்தார். விடுவிப்புகளை ரத்து செய்த உயர்நீதிமன்ற உத்தரவுகளுக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இவர்கள் குற்றவாளிகளா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. சான்றுகள் மாறாமல் ஆட்சி மட்டும் மாறும்போது விசாரணை அமைப்பின் முடிவும் மாறுமா என்பதுதான் குடிமக்கள் கேட்க வேண்டிய கேள்வி.

செந்தில் பாலாஜி விவகாரம் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. அதிமுக அரசின் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தபோது எழுந்த வேலைவாய்ப்பு முறைகேட்டுப் புகாரில், அவரை அன்று சாடிய திமுக, அவர் தன் அமைச்சரான பிறகு அரணாக நின்றது. அன்று அரணாக இருந்த அதிமுக, பிறகு அவரைச் சாடியது. 2023 ஜூன் 14-இல் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்த அதே நாளில், சிபிஐக்கு அளித்திருந்த பொது ஒப்புதலைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது. மத்திய அமைப்புகள் எதிர்க்கட்சிகள் மீது மட்டும் ஏவப்படுவதாக 14 கட்சிகள் தொடுத்த வழக்கை, அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்திருந்தது. மத்திய அரசின் தலையீடு குறித்த அச்சத்தை அடிப்படையற்றது என்று தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில், அந்த அச்சம் ஊழல் வழக்குகளுக்குக் கேடயமாகிவிடவும் கூடாது.

நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுபவர் என்பதால், இந்த விவாதம் இங்கே பிரதமரையும் முதல்வர்களையும் சுற்றியே அமைகிறது. அமெரிக்காவிலோ அதிபரே நிர்வாகத்தின் தலைவர். வாட்டர்கேட் ஊடுருவல் நிகழ்ந்த ஆறாம் நாளான 1972 ஜூன் 23 அன்று, மத்திய உளவு அமைப்பான சிஐஏவைக் கொண்டு எஃப்பிஐயின் விசாரணையை நிறுத்தும் யோசனைக்கு அதிபர் நிக்சன் இசைந்தார். 1973 அக்டோபர் 20-இல், தன்னை விசாரித்த சிறப்பு வழக்குரைஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்க உத்தரவிட்டார். அதை நிறைவேற்ற மறுத்து அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்து வெளியேறினார். 1972 ஜூன் உரையாடலின் ஒலிநாடா 1974 ஆகஸ்டில் வெளியானதும், பேரி கோல்ட்வாட்டர் உள்ளிட்ட சொந்தக் கட்சித் தலைவர்களே வெள்ளை மாளிகைக்குச் சென்று, இனி ஆதரவு இல்லை என்ற நிலையை எடுத்துரைத்தனர். இரண்டே நாள்களில் நிக்சன் விலகினார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அங்கேயும் காட்சி மாறிவிட்டது. 2017 மே மாதம் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமியை டிரம்ப் நீக்கியது குறித்து ஆராய்ந்த முல்லர் அறிக்கை, அதிபர் குற்றம் புரிந்தார் என்று முடிவு கூறவில்லை. அவரைக் குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை. ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரு கட்சிகளும் வெற்றி முழக்கமிட்டன. நீதித்துறை அமைச்சகத்துடன் அதிபர் நடத்தும் அலுவல்ரீதியான உரையாடல்களுக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2024 ஜூலை 1-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிக்சனைத் தடுத்தது சட்டம் மட்டுமன்று, சொந்தக் கட்சியினரின் மனசாட்சியும்கூட என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது.

மறுதரப்பின் வாதத்திலும் நியாயம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக்கூடக் கட்டுப்படாத புலனாய்வு அமைப்பு ஜனநாயகத்துக்கு ஆபத்தானதே. 2013-இல் தலையீட்டை வெளிப்படுத்திய ரஞ்சித் சின்ஹாவையே 2ஜி வழக்கு விசாரணையிலிருந்து விலகியிருக்குமாறு 2014 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நிலக்கரி வழக்கில் தொடர்புடையவர்களை அவர் சந்தித்தது முறையற்றது என்றும் பின்னர் கூறி, 2017-இல் அவர் மீதே விசாரணைக்கு ஆணையிட்டது. கூண்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இது பாடம். முறைகேடு செய்யும் அதிகாரியை மாற்றவும் தண்டிக்கவும் அரசுக்கு அதிகாரம் வேண்டும். எனவேதான், எல்லாத் தலையீட்டையும் குற்றம் என்று கூறாமல், முறையானதையும் முறையற்றதையும் பிரித்தறியும் அளவுகோல் தேவைப்படுகிறது.

அந்த அளவுகோல் எளிதானது. கட்டளையிட்டவருக்கு அந்த விசாரணையின் முடிவில் சொந்த நலன் உண்டா? உத்தரவு காரணங்களுடன் எழுத்தில் இருக்கிறதா, அல்லது தொலைபேசியில் வந்ததா? விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரி மாற்றப்பட்டாரா? புதிய சான்று ஏதுமின்றி, ஆட்சி மாறியதும் முடிவு மாறியதா? நமக்குப் பிடித்த கட்சியின் செயலுக்கும் பிடிக்காத கட்சியின் செயலுக்கும் இந்த நான்கு கேள்விகளையும் ஒன்றுபோல் கேட்க முடிந்தால், விவாதத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இவையெல்லாம் தில்லியிலும் சென்னையிலும் பெரிய மனிதர்களுக்கு இடையே நடப்பவை என்று நினைப்பது பிழை. புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி போன்ற ஒரு பேரூரில், நிலத் தகராறுக்கோ அடிதடிக்கோ புகார் மனுவுடன் காவல் நிலையப் படியேறும் ஒருவருக்கு உச்சநீதிமன்றம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. உள்ளூர் ஆளுங்கட்சிப் பிரமுகரின் ஒரு தொலைபேசி அழைப்பு முதல் தகவல் அறிக்கையைத் தடுத்துவிடுமானால், அவருக்காகத் தாமாக முன்வந்து வழக்கை எடுக்க எந்த நீதிபதியும் அங்கே இல்லை. உச்சியில் அனுமதிக்கப்படும் தலையீடு, அடிமட்டத்தில் அன்றாட நடைமுறையாகிவிடுகிறது.

அதே மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடு அறியும். சிபிசிஐடி ஈராண்டு விசாரித்து 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவரே அதில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். அறிவியல் சான்றுகளின் அடிப்படையிலான முடிவு இது என்றது அரசு. எதிர்க்கட்சிகள் மட்டுமின்றி, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளான விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்கவில்லை. குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும். ஆனால், அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ள ஓர் அமைப்பு அளிக்கும் அறிக்கை சரியாகவே இருந்தாலும், பாதிக்கப்பட்டோர் அதை நம்பத் தயங்குவார்கள் என்பதை இந்நிகழ்வு காட்டிவிட்டது. நேர்மையாக விசாரிக்கும் அதிகாரிக்கும் இது இழப்புதான்.

இதற்கான மருந்து 2006 செப்டம்பர் 22-இலேயே எழுதித் தரப்பட்டுவிட்டது. காவல் நிலையப் பொறுப்பாளர் முதல் காவல்துறைத் தலைவர் வரை குறைந்தது ஈராண்டுப் பணிக்காலம், சட்டம்-ஒழுங்குப் பணியிலிருந்து புலன்விசாரணையைப் பிரித்தல், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் காவல்துறை மீதான புகார் ஆணையம் ஆகியவற்றைப் பிரகாஷ் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. தமிழக அரசு 2013-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டமோ, புகார் ஆணையத்தின் தலைமையை மாநில அளவில் உள்துறைச் செயலரிடமும், மாவட்ட அளவில் ஆட்சியரிடமும் ஒப்படைத்தது. அதிமுக இயற்றிய அச்சட்டத்தின் இந்தக் குறையைத் திருத்தும் அவசரம், பின்னர் ஆட்சிக்கு வந்த திமுகவுக்கும் இருக்கவில்லை.

கட்சிகள் தாமாகவே இந்தப் பிடியைத் தளர்த்தும் என எதிர்பார்க்க இயலாது. நேற்று எதிரியின் கையில் இருந்தபோது கண்டித்ததை, இன்று நம்மவர் கையில் இருக்கும்போதும் கண்டிக்கும் வாக்காளர்கள் பெருகினால் மட்டுமே அது தளரும். அந்த நேர்மை நமக்கு வராதவரை, கூண்டின் சாவி கை மாறிக்கொண்டே இருக்கும். கூண்டு மட்டும் அப்படியே இருக்கும்.