நாலரை டன்னும் சில மைக்ரானும்

டீசல் எஞ்சின்னா கல்லு மாதிரி, எதை ஊத்தினாலும் ஓடும்னு நம்ம ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மினி டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் இது இன்னும் ஜாஸ்தி. "தோப்புல நாலு சால் ஓட்டுறதுதானே, இதுக்கு என்ன பெரிய மெயின்டனன்ஸ்?" என்பார்கள். இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் சரித்திரம்தாங்க.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்கு சுமார் 18 குதிரைத்திறன். கிட்டத்தட்ட இன்றைய மினி டிராக்டர் அளவு. ஆனால் எடை? நாலரை டன்! டீசலை சிலிண்டருக்குள் தள்ளவே ஒரு காற்று கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. ஃபாக்டரியில் வைக்கலாம், வயலில் இறக்கினால் புதைந்துவிடும். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது டீசல் இறந்துபோனார். தன் எஞ்சின் டிராக்டரில் ஏறியதை மனுஷன் பார்க்கவே இல்லை.

எஞ்சின் சின்னதாக வேண்டுமென்றால் அந்தக் கம்ப்ரஸர் ஒழிய வேண்டும். பென்ஸ் கம்பெனியின் ப்ரோஸ்பர் லோராஞ்ச் 1909-ல் அதற்கு வழி கண்டார். டீசல் முதலில் ஒரு குட்டி அறையில் எரிய ஆரம்பித்து, பிறகு சிலிண்டருக்குள் பாயும். 1920-களின் தொடக்கத்தில் பென்ஸ்-ஸெண்ட்லிங் டீசல் டிராக்டர் வந்தது. 1927-ல் பாஷ் கம்பெனி இஞ்செக்ஷன் பம்ப்பை பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தது. 1932-ல் லைப்சிக் கண்காட்சியில் டீசல் எஞ்சினைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஜப்பானியர் யமாஓகா மகோகிச்சி, 1933-லேயே சின்ன டீசல் எஞ்சினைச் செய்துவிட்டார். யான்மர் கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான்.

ஆக, அந்த ராட்சசக் கம்ப்ரஸரின் வேலையை இன்று செய்வது கைக்குள் அடங்கும் ஒரு பம்ப். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் வரும்! அந்த இடுக்கில் மசகு எண்ணெயும் டீசலேதான். அதில் தண்ணியோ தூசியோ கலந்தால் பம்ப் காலி. அதனால்தான் பழைய கேனில் டீசல் பிடிக்காதே, ஃபில்டரை நேரத்துக்கு மாற்று, ராத்திரி டேங்க்கை நிரப்பி வை (காலி இடத்தில் ஈரம் சேராது) என்கிறார்கள்.

இன்னொன்று, சூடு. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. லேசான வேலைக்கே ஓட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் ஸ்லோவில் உறும விட்டால், உள்ளே போதிய சூடு ஏறாது. எரியாத டீசல் நாசிலில் கரியாகப் படியும், ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்க வைக்கும். சும்மா நிற்கும்போது அணைத்துவிடுங்கள். அவ்வப்போது அரை மணி நேரமாவது நல்ல லோடு கொடுத்து ஓட்டுங்கள். மீட்டரில் மணி ஏறவில்லை என்பதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

லேசான வேலை வண்டிக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை அது பட்டினி போடுகிற மாதிரி. நாலரை டன்னைக் குறைக்க முப்பத்தி சொச்சம் வருஷம் ஆச்சு. அந்த உழைப்பெல்லாம் உங்கள் டிராக்டரில் சில மைக்ரான் இடுக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. பார்த்து ஊத்துங்க சாமி!